பாதி பிடித்தது, பாதி கோபம்: ஒரு மாணவியின் திரைப்படக் கருத்தும் அதை நான் தவறாகப் படித்ததும்

"படம் நல்லாதான் இருந்துச்சு சார். ஆனா எனக்குக் கோவமா வருது."

மலேசியாவின் ஈப்போவில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அந்த மாணவி சொன்னது இவ்வளவுதான். 2022 நவம்பர் 12, சனிக்கிழமை. பதினைந்தாவது பொதுத்தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வரைக்கும் சாலையோரமெல்லாம் கட்சிக் கொடிகள். அரை மணி நேரப் பயணத்தில் அவள் தானாக வேறெதுவும் பேசவில்லை. பின் இருக்கையில் இருந்த அவளுடைய பாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

பார்த்த படம் 'பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர்'. 2018-இல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்தின் இரண்டாம் பாகம். இரண்டையும் இயக்கியவர் ரயன் கூக்ளர். முதல் படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28 அன்று, 43 வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். நோய் 2016-லேயே தெரிந்திருந்தும் வெளியே சொல்லாமல், சிகிச்சைக்கு நடுவே நடித்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் வேறு நடிகரைப் போடுவதில்லை என்று படத்தை எடுத்தவர்கள் முடிவு செய்தார்கள். அதனால் இரண்டாம் பாகம் நாயகனின் சாவில் தொடங்குகிறது. வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன் டி'சல்லா நோயில் இறந்துபோகிறான். அவனுடைய தங்கை ஷூரியும் அம்மா ரமோண்டாவும் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் கதை.

இது அந்த மாணவியின் கருத்தைப் பற்றிய ஆய்வு. அவளும் பாட்டியும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

சிவப்பு மை

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறேன். மாதம் ஒருமுறை ஒரு கதையையோ படத்தையோ பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். அந்த மாதம் பிள்ளைகள் இந்தப் படத்தைக் கேட்டார்கள். இரண்டு பையன்களும் இந்த மாணவியும் என்னோடு வந்தார்கள். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் மனமில்லை. துணைக்குப் பாட்டி வந்தார். பாட்டிக்கு வயது 78. ஆங்கிலம் தெரியாது. திரையின் அடியில் மலாயும் சீனமும் ஓடின. பேத்தி காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் பையன்கள் இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவனுக்குச் சண்டைக் காட்சிகள் பிடித்திருந்தன, இன்னொருவனுக்குப் படம் நீளம். 161 நிமிடம் ஓடும் படத்துக்கு அது நியாயமான குறைதான். அவர்களைப் பற்றி இங்கே வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மாணவியின் இரண்டு பக்கம் வேறு மாதிரி இருந்தது. ஒரு பத்தி உருகி உருகிப் பாராட்டியது, அடுத்த பத்தி கடுமையாகக் குறை சொன்னது, மறுபடி பாராட்டு, மறுபடி குறை. கடைசி வரி: "மொத்தத்தில் சுமார்." நான் சிவப்பு மையில் எழுதினேன்: "பிடித்ததா, பிடிக்கவில்லையா? ஒன்றை முடிவு செய்து எழுது."

தேர்வுக் கட்டுரைக்கு அது சரியான அறிவுரை. அவள் ஐந்தாம் படிவம்; பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. ஒரு நிலைப்பாடு, மூன்று காரணம், ஒரு முடிவு என்று முப்பது வருடம் நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. பாட்டி கோயிலுக்கு வந்தவர், விளக்கேற்றி முடித்து என்னிடம் வந்து சொன்னார்:

"வாத்தியாரே, அந்தப் புள்ளைய முடிவு பண்ணச் சொல்லாதீங்க. வீட்டுக்கு வாங்க. ஒக்காந்து கேளுங்க."

போனேன். மூன்று மாலை போனேன். கீழே உள்ளது அங்கே கேட்டது.

அண்ணன்

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்கும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். கிள்ளானில் தொழிற்சாலை வேலை. 2018-இல் முதல் படம் வந்தபோது இவள் முதலாம் படிவம். அவன்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அந்தப் படத்தில் வகாண்டா மக்கள் இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே வைத்து வணங்குவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கிள்ளானுக்குப் பஸ் ஏறும்போதும் சன்னல் வழியாக அவன் அப்படித்தான் விடைபெறுவானாம்.

2021 ஆகஸ்டில் கோவிட்டில் போய்விட்டான். நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம் அது. மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை. அக்டோபர் 11-ஆம் தேதிதான் அது நீங்கியது. போலீஸ் கடிதம் வாங்கிக்கொண்டு அப்பா மட்டும் போனார். உடல் அங்கேயே தகனம் செய்யப்பட்டது. அப்பா அஸ்தியோடு திரும்பினார். பதினாறாம் நாள் காரியத்தில் வீட்டு ஆட்களைத் தவிர யாருமில்லை. முகத்தைப் பார்க்கவில்லை என்பதை இவள் என்னிடம் மூன்று மாலைகளில் நான்கு முறை சொன்னாள்.

இதைத் தெரிந்துகொண்டே நான் அந்தச் சிவப்பு மையை எழுதினேன். செய்தி தெரியும்; அவள் எழுதியதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிடித்த பாதி

படத்தின் முதல் காட்சியில் ஷூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அண்ணனைக் காப்பாற்றக்கூடிய மூலிகை முதல் படத்திலேயே எரிக்கப்பட்டுவிட்டது. அதைச் செயற்கையாக உருவாக்கப் பதற்றத்தோடு போராடுகிறாள். அம்மா உள்ளே வருகிறார். அண்ணன் போய்விட்டான். சாவு திரைக்குள் வருவதே இல்லை. அடுத்த அறையில் நடந்து முடிந்துவிடுகிறது.

"அவ பக்கத்துல இல்ல சார். வேலை செஞ்சுகிட்டே இருந்தா. எனக்கு அப்பா போன் போட்டப்ப நான் ஆன்லைன் கிளாஸ்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். அந்தக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

பிறகு படநிறுவனத்தின் சின்னம் வருகிறது. எப்போதும் முழக்கத்தோடு வரும் சின்னம். இந்தப் படத்தில் போஸ்மனின் முகங்கள் மட்டும், ஒலியே இல்லாமல். எங்கள் காட்சியிலும் அரங்கு அப்படியே அடங்கிப்போனதை நான் கவனித்தேன். அடுத்து இறுதி ஊர்வலம். நாடே வெள்ளை உடுத்தி நிற்கிறது. பறை முழங்குகிறது, ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், பெட்டியைத் தோளில் சுமக்கிறார்கள், பெட்டி வானத்துக்கு எழுகிறது. இந்தக் காட்சியைப் பற்றி அவள் முதல் கட்டுரையில் "மிக அழகாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தாள். நேரில் கேட்டபோது வேறு சொன்னாள்.

"பொறாமையா இருந்துச்சு சார்."

ஒரு திரைப்படத்தின் சாவு ஊர்வலத்தைப் பார்த்து ஒருவருக்குப் பொறாமை வரும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. ஆனால் அவள் சொன்ன கணத்தில் அது எனக்குப் புரிந்தது. அந்த ஆண்டு இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு ஊர்வலம் இல்லை, ஒப்பாரி இல்லை, தூக்கிச் செல்ல நான்கு தோள் இல்லை. அவளுடைய அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவர். படத்தின் அந்த வெள்ளை உடைகளை மகள் விவரித்துக் கேட்டுவிட்டு, "எத்தன கெஜம் துணி இருக்கும்!" என்றார். அந்த உடைகளை வடிவமைத்த ரூத் கார்ட்டர் இந்தப் படத்துக்காக 2023-இல் ஆஸ்கர் பெற்றார். முதல் படத்துக்கும் அவர்தான் பெற்றிருந்தார். இரண்டு ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். செய்தி வந்த அன்று அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தையலுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டா என்று கேட்டுக் கண் கலங்கினார்.

சாவுக்கு ஒரு வருடம் கழித்து ரமோண்டா மகளை ஊரைவிட்டுத் தள்ளி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறார். துக்க உடையை நெருப்பில் போட்டுத் துக்கத்தைக் கழிக்க வேண்டும். அது அவர்கள் முறை. ஷூரி மறுக்கிறாள். நம் வீடுகளில் ஆண்டுத் திதி முடிந்ததும் நல்லது கெட்டதுக்குப் போக வர ஆரம்பிப்பதைப் போலத்தான் இதுவும். இவள் வீட்டில் 2022 ஆகஸ்டில் திதி கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 24 தீபாவளிக்கு அம்மா புதுப் பாவாடை தாவணி தைத்து வைத்தார். இவள் உடுத்தவில்லை. பள்ளி டீசட்டையோடு கோயிலுக்கு வந்ததை நானே பார்த்தேன். ஏதோ பிடிவாதம் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அவள் திரையில் பார்த்தது, அறிவும் ஆற்றலும் உள்ள ஓர் அரசகுமாரி அதே பிடிவாதத்தோடு நெருப்பின் முன் உட்கார்ந்திருப்பதை. படம் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. "முதல் தடவையா யாரோ எனக்காகப் பேசுன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

இன்னொரு காட்சி. ஷூரி ஒருவழியாக மூலிகையை உருவாக்கிக் குடிக்கிறாள். முன்னோர் உலகத்துக்குப் போகிறாள். அங்கே அண்ணன் காத்திருப்பான் என்று அரங்கில் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அரியணையில் உட்கார்ந்திருப்பது முதல் படத்தின் எதிரி கில்மாங்கர். அண்ணனைப் போல மேன்மையாக நடந்துகொள்வாயா, என்னைப் போலக் கணக்கைத் தீர்ப்பாயா என்று கேட்கிறான். பையன்கள் இருவருக்கும் இந்தக் காட்சி ஏமாற்றம். இவளுக்குப் படத்திலேயே மிக உண்மையான இடம் அதுதான். அண்ணன் அவள் கனவில் இதுவரை வரவில்லை. வேண்டாதவர்கள் எல்லாரும் வருகிறார்கள், அவன் வருவதில்லை.

பாட்டியின் கேள்வி

படத்தில் இன்னொரு மக்கள் இருக்கிறார்கள். கடலுக்கடியில் தலோக்கான் என்ற நாடு. அதன் தலைவன் நாமோர். 1939-இல் படக்கதையில் பிறந்த பாத்திரம் இது; அங்கே அவன் அட்லாண்டிஸ் அரசன். இந்தப் படத்தில் அவனை மாயா இனத்தவனாக மாற்றி, அவன் மக்களை யுகடெக் மாயா மொழி பேச வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றம்தான் பாட்டியைப் படத்துக்குள் இழுத்தது.

16-ஆம் நூற்றாண்டு. ஸ்பானியர்களோடு பெரியம்மை மெக்சிகோவின் யுகத்தானுக்கு வந்து சேர்கிறது. சாகாமலிருக்க ஒரு கூட்டம் ஒரு செடியைத் தின்று நீரில் மூச்சுவிடும் மக்களாகிக் கடலுக்குள் போய்விடுகிறது. கடலில் பிறந்த முதல் பிள்ளை நாமோர். அவன் அம்மா சாகும்போது சொந்த மண்ணில் புதைக்கச் சொல்கிறார். உடலைத் தூக்கிக்கொண்டு கரையேறினால் அந்த இடம் தோட்டமாகியிருக்கிறது. தன் மக்கள் அங்கே சாட்டையடி பட்டு வேலை செய்கிறார்கள். தோட்டத்தை எரிக்கிறான். அம்மாவைப் புதைத்துக்கொண்டிருக்கும்போது சாகக் கிடக்கும் பாதிரி ஒருவர் அவனை அன்பில்லாத பிள்ளை என்று ஸ்பானிய மொழியில் சபிக்கிறார். அந்தச் சாபத்தின் சொற்களிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டதாக அவன் சொல்கிறான்.

பாட்டி பிறந்தது இந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில். சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் பாடநூலில் 1948 ஜூன் 16 வரும். மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்துக்கு வழிவைத்த நாள். பாட்டிக்கு அப்போது நான்கு வயது. துப்பாக்கி, தீ, ஊரடங்கு, கம்பிவேலி என்று தன் அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். எரியும் தோட்டம் அவருக்குக் கற்பனைக் காட்சியாக இருக்கவில்லை.

அவருடைய அம்மாவைத் தோட்டத்து இடுகாட்டில்தான் புதைத்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசியாகப் பாட்டி அங்கே போனபோது வாசலில் காவலாளி. உள்ளே விட்டார், ஆனால் குழி எது, வரப்பு எது என்று அடையாளம் தெரியவில்லை. கொண்டுபோன பூவை ஒரு செம்பனை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாராம்.

காரில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அந்தப் பய, அவங்க ஆத்தாளப் பொதச்ச எடத்துக்கு அப்பறம் எப்பவாச்சும் போனானா?"

படம் அதைச் சொல்லவில்லை. பேத்தி "தெரியல பாட்டி" என்றாள். ஒரு சூப்பர் ஹீரோ படத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவிலோ ஈப்போவிலோ வேறு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் இரண்டு பாகத்தையும் பார்த்தவன், எனக்குத் தோன்றவில்லை.

கோபப்பட்ட பாதி

அவளுடைய முதல் கோபம் ரமோண்டாவின் சாவு. நாமோர் தலைநகரை வெள்ளத்தில் மூழ்கடிக்கும்போது வேறொரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டு ரமோண்டா இறக்கிறார். ஆஞ்சலா பாசெட் அந்தப் பாத்திரத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். என் குடும்பமே போய்விட்டது, நான் இன்னும் எதைக் கொடுக்க வேண்டும் என்று அரியணையின் முன் அவர் கதறும் காட்சியில் அரங்கில் யாரும் அசையவில்லை. அப்பேர்ப்பட்ட அம்மா செத்ததும் படம் சீக்கிரமே கவசம் செய்யவும் படை திரட்டவும் கிளம்பிவிடுகிறது.

"அண்ணனுக்கு அவ்ளோ நேரம் அழுதாங்க. அம்மாவுக்கு எத்தன நிமிஷம் சார் அழுதாங்க? எல்லாருக்கும் சண்டைக்கு நேரமாயிடுச்சு."

இரண்டாவது, ரீரி என்ற அமெரிக்க மாணவியின் கிளைக்கதையும் உளவுத்துறைக்காரர்களின் கிளைக்கதையும். துக்கத்தின் நடுவே யாரோ கடைவிரித்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இதில் நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். வகாண்டாவிலும் தலோக்கானிலும் மட்டும் கிடைக்கும் வைப்ரேனியம் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தவள் ரீரி. அவள் இல்லாவிட்டால் நாமோர் வகாண்டாவின் கதவைத் தட்ட வேலையே இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணை "அடுத்ததுக்கு வச்சிருக்காங்க" என்று அவள் சொன்னது சரியாகத்தான் போனது. 2025-இல் அந்தப் பாத்திரத்துக்குத் தனித்தொடரே வந்தது.

மூன்றாவதுதான் பெரிய கோபம். கருவியை வைத்துக் கடலைத் துளைக்க வந்தவர்கள் அமெரிக்கர்கள். வகாண்டாவின் மையத்துக்குள் கொள்ளையடிக்க ஆள் அனுப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்; அதைப் படமே தொடக்கத்தில் ஐ.நா. சபையில் வைத்து அம்பலப்படுத்துகிறது. ஆனால் கடைசிப் பகுதியில் ஒருவரையொருவர் கொல்வது வகாண்டாவும் தலோக்கானும். ஒரு காலத்தில் ஒரே மாதிரி அடிபட்டவர்கள், அல்லது அடிக்குப் பயந்து ஒளிந்தவர்கள்.

"அடிச்சவன் வீட்டுல இருக்கான் சார். அடிபட்ட ரெண்டு பேரும் நடுக்கடல்ல வெட்டிக்கிறாங்க."

பாட்டி குறுக்கிட்டு, தோட்டத்திலும் அப்படித்தான் என்றார். தண்ணீர்க் குழாயில் சண்டை, கோயில் நிர்வாகத்தில் சண்டை, மண்டோர் (மேஸ்திரி) ஆள், கிராணி (கணக்கர்) ஆள் என்று இரண்டு கட்சி. துரை பங்களா மேட்டில் இருக்கும், சத்தம் அங்கே கேட்காது. இந்தப் படத்தின் திரைக்கதையில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நானும் நம்புகிறேன். இப்படி ஒரு சண்டை ஏன் வருகிறது என்று காட்டுவது வேறு, அதை வேடிக்கையாகக் காட்டிவிட்டு மூலக்காரணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முடிப்பது வேறு. ஷூரி நாமோரைக் கொல்லாமல் விடுகிறாள், இரண்டு நாடும் சமாதானமாகின்றன. ஐ.நா. சபையில் அம்பலப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் சொல்லவில்லை.

அந்த மன்னிப்பு திடீரென்று வருகிறது என்பது அவளுடைய இன்னொரு குறை. அங்கே நான் அவளோடு மாறுபடுகிறேன். ஈட்டியை ஓங்கிய நொடியில் ஷூரிக்கு அம்மா தோன்றி, நீ யார் என்று அவனுக்குக் காட்டு என்கிறார். கில்மாங்கர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. அவளிடம் சொன்னேன். "இருக்கலாம் சார், ஆனா அவ்ளோ சீக்கிரம் வராது" என்றாள். எது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதில் அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பதால் நான் வாதாடவில்லை.

இப்படி ஒவ்வொரு காட்சியாக எடுத்து வைத்துப் பார்த்தபோது அவள் கருத்தில் குழப்பமே இல்லை. படம் எங்கெல்லாம் செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோ அங்கெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கெல்லாம் எழுந்து வேறு வேலைக்கு ஓடியதோ அங்கெல்லாம் கோபம். பத்திக்குப் பத்தி அவள் மாறி மாறி எழுதியதற்குக் காரணம், படமே அப்படி மாறி மாறிப் போகிறது. "சுமார்" என்ற சொல்தான் பொய். அதைக்கூட என்னைப் போன்ற ஒருவர் முடிவு கேட்பார் என்று பயந்துதான் எழுதினாளாம்.

கடைசிக் காட்சி

இறுதியில் ஷூரி ஹெய்ட்டிக்குப் போகிறாள். கடற்கரையில் தனியாக உட்கார்ந்து துக்க உடையை எரிக்கிறாள், அண்ணனை நினைத்து அழுகிறாள். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சின்னக் காட்சி. அண்ணனின் காதலி நக்கியா ஒரு சிறுவனைக் கூட்டி வருகிறாள். அவன் டி'சல்லாவின் மகன். யாருக்கும் தெரியாமல் அங்கே வளர்ந்தவன். அப்பாவின் பெயர்தான் அவனுக்கும்.

பாட்டி அரங்கிலேயே கைதட்டினார். "வம்சம் இருக்குடி!" என்று பேத்தியின் கையைப் பிடித்தார். அவள் கையை விலக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். காரில் அவள் பேசாமல் வந்ததற்குக் காரணம் அது என்று மூன்றாவது மாலையில்தான் தெரிந்தது.

டிசம்பரில் அவள் கட்டுரையை மறுபடி எழுதிக் கொடுத்தாள். நான்கு பக்கம் வந்திருந்தது. "சுமார்" இல்லை. சிவப்புப் பேனாவை நான் எடுக்கவில்லை. கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"அந்தப் பையன் வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். என் பாட்டிக்கும் சந்தோஷம். நல்ல காட்சிதான். ஆனால் எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. கடற்கரையில் அவள் தனியாக அழுததோடு படம் முடிந்திருந்தால் நானும் அவளும் ஒன்றாக இருந்திருப்போம். பையன் வந்ததும் ஷூரி அத்தை ஆகிவிட்டாள். நான் ஆக மாட்டேன்."